யார் கத்துகிறார்கள் என்று பார்ப்போம்

அந்தத் தேதியில் ஒன்றுமே நடக்காது. அவளை முதலில் இழுத்தது அதுதான்.

ஒரு சர்வரை இயக்கும் அடிப்படை மென்பொருளை, அதாவது அதன் இயங்குதளத்தை, உருவாக்கியவர்கள் 'இந்த நாளோடு இதற்கு எங்கள் ஆதரவு முடிகிறது' என்று பல வருடங்களுக்கு முன்பே அறிவித்துவிடுகிறார்கள். அந்த நாள் வரும், போகும். சர்வர் நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். விளக்கு சிவக்காது, விசிறி திணறாது. இனிமேல் அதில் ஓட்டை ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டால் அடைத்துக்கொடுக்க ஆள் கிடையாது, அவ்வளவுதான். வெளியே காத்திருக்கும் திருடனுக்குத்தான் அது பெரிய நாள். வீட்டுக்காரர்கள் வழக்கம் போலத் தூங்குவார்கள்.

ஒன்றுமே நடக்காத ஒரு நாளை எப்படிக் கவனித்துக்கொண்டிருப்பது? இந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. அதனால்தானோ என்னவோ, மருத்துவமனையின் கணினிப் பிரிவில் யாரும் தொட விரும்பாத அந்த வேலை அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டது. எந்த சர்வரில் எந்த இயங்குதளம், அதற்கு ஆதரவு எப்போது முடிகிறது, அதற்குள் எப்போது மாற்றத் தொடங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தாள். உருவாக்கியவர்களின் அறிவிப்புப் பக்கங்களை, மற்றவர்கள் வானிலை பார்ப்பது போலத் தினமும் பார்ப்பாள். சில நேரம் தேதியைத் தள்ளிப்போடுவார்கள். சில நேரம் சந்தடியில்லாமல் முன்னால் இழுத்துவிடுவார்கள். பிரிவில் அவளுக்குத் 'தேதியம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். 'தேதியம்மா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி அடியில திருப்பிப் பாக்கும்' என்பார்கள். அது உண்மைதான்.

கணினிப் பிரிவு கீழ்த்தளத்தில், சலவை அறைக்கு அடுத்து இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்தும் இயந்திரம் சுற்றினால் இந்தப் பக்கம் மேசையில் தண்ணீர் டம்ளர் நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பார்த்துக்கொண்டு அவள் நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். புதிதாக வந்தவர்கள் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்பதுண்டு.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் அவள் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பல மருத்துவமனைகள் சேர்ந்து நோயாளிகளின் பரிசோதனை முடிவுகளைப் பகிர்ந்துகொள்ளப் பொது இணைப்பு ஒன்றை அமைத்திருந்தன. அதில் சேர வேண்டுமென்றால், 'எங்களிடம் ஆதரவு முடிந்த இயந்திரம் ஒன்றுகூட ஓடவில்லை' என்று எழுதித்தர வேண்டும். பட்டியல் சுத்தமாகத்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

ஆனால் அவளுக்கு ஒரு சந்தேகம் குடைந்தது. அந்தப் பிரிவில் சர்வர்களுக்குப் பறவைகளின் பெயர் வைப்பது வழக்கம். மைனா, ஆந்தை, கொக்கு, மீன்கொத்தி. பழைய சர்வரைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினால், பழையதன் பெயரையே புதியதற்குச் சூட்டிவிடுவார்கள். மற்ற மென்பொருள்களெல்லாம் 'மைனா' என்று கூப்பிட்டுத்தான் பழகியிருக்கும். பெயர் மாறாவிட்டால் அவற்றைத் தொட வேண்டியதில்லை. வசதியான வழக்கம்தான். ஆனால் பட்டியலும் பெயரை வைத்தே இருந்தது. பெயரை இழந்த பழைய இயந்திரம் பட்டியலிலிருந்தும் போய்விடும். அது நிஜமாகவே நிறுத்தப்பட்டதா என்பதை அந்தப் பட்டியலிடம் கேட்க முடியாது.

ஆகவே திங்கட்கிழமை காலை, பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல், நெட்வொர்க்கில் இயந்திரங்களுக்கு முகவரியாக இருக்கும் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டி 'நீ யார்?' என்று கேட்டுப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த முகங்கள். நடுவில் ஓர் எண் மட்டும், பல வருடங்களுக்கு முன்பே ஆதரவு முடிந்த இயங்குதளம் ஒன்றின் குரலில் பதில் சொன்னது. பெயர் கேட்டால் பதில் இல்லை.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயத்தினால் அல்ல.

பிரிவுத் தலைவருக்குக் 'கிளம்பிட்டேன்' என்று பட்டப்பெயர். எப்போது போய்ப் பேசினாலும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதைத்தான் சொல்வார். அன்றும் பை தோளில் இருந்தது.

"எங்க இருக்கு அது?" என்றார்.

"சர்வர் ரூம்லதான் சார். கடைசி அலமாரி, கீழ்த்தட்டு. பழைய மைனா."

"மைனாவை மாத்தியாச்சேம்மா."

"பேரைத்தான் சார் மாத்தினோம். ஆள் அங்கேயே உக்காந்திருக்கு."

"ஏன் நிறுத்தல?"

"மாத்தினவர் இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்னு விட்டிருப்பார்னு நினைக்கிறேன். அப்புறம் அவர் வேற வேலைக்குப் போயிட்டார். பாஸ்வேர்டும் அவரோடயே போயிடுச்சு."

"என்ன பண்ணிக்கிட்டிருக்கு?"

"தெரியல சார். ஆனா யாரோ அதுகிட்ட விடாம வந்து ஏதோ சொல்லிட்டுப் போறாங்க. ரொம்பச் சின்னச் சின்னச் செய்தி. எங்கேருந்து வருதுன்னு தேடிப் பாத்துட்டு..."

"தேடறதுக்கெல்லாம் நேரமில்ல. கேபிளைப் பிடுங்கு. யார் கத்துறாங்கன்னு பாப்போம். நான் கிளம்பிட்டேன்."

இதுவும் அந்தப் பிரிவின் வழக்கம்தான். உரிமையாளர் தெரியாத இயந்திரத்தின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் காத்திருப்பார்கள். யாருக்கு வேலை நின்றதோ அவர்கள் கத்திக்கொண்டு வருவார்கள். உரிமையாளரைக் கண்டுபிடிக்க அதைவிடக் குறுக்குவழி கிடையாது. ஒருமுறை உணவகத்து அம்மா கரண்டியோடு வந்து நின்றார். இன்னொருமுறை பிணவறைப் பொறுப்பாளர் நேரிலேயே வந்து, "என் ஆளுங்க கத்த மாட்டாங்க, அதான் அவங்களுக்கும் சேத்து நானே கத்திட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

கேபிளைப் பிடுங்கப் போனவன் வயர். ஆளும் ஒல்லி, தோளில் எப்போதும் கேபிள் சுருளும் தொங்கும், அதனால் அந்தப் பெயர். இரட்டைப் பெண்குழந்தைகளுக்குத் தகப்பன். வீட்டில் தூக்கம் கிடைக்காததால் அலுவலகத்தில் நின்றுகொண்டே கண் அயரத் தெரிந்தவன்.

"பின்னாடி ஒரு டெலிபோன் வயரும் இருக்கு," என்றான் அலமாரிக்குள் தலையை விட்டபடி. "பழைய ஃபேக்ஸுக்கு வச்சிருப்பாங்க. அது கிடக்கட்டும்."

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினான். முன்பக்கத்தில் சிமிட்டிக்கொண்டிருந்த பச்சைப் புள்ளி அணைந்தது. இருவரும் தங்களை அறியாமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சலவை இயந்திரத்தின் உறுமல் மட்டும் கேட்டது.

அன்று யாரும் கத்தவில்லை. மறுநாளும் கத்தவில்லை. புதன்கிழமை மத்தியானம் 'கிளம்பிட்டேன்' அவள் மேசைப் பக்கமாகப் போகிற போக்கில் சொன்னார்: "பாத்தியாம்மா, யாருக்கும் வேண்டாம். நாளைக்கு வயரை விட்டு டிஸ்க்கை அழிச்சுடச் சொல்லு. கடிதத்தில கையெழுத்தைப் போடு. சுபம்."

அவள் தலையாட்டினாள். வயரிடமும் சொன்னாள். ஆனால் மனசு ஆறவில்லை. விடாமல் வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்த ஒருவர், திடீரென்று கதவு பூட்டியிருந்தால் ஒரு வார்த்தைகூடக் கேட்காமலா இருப்பார்? இது மருத்துவமனை. இங்கே தப்பாக எதையாவது நிறுத்திவிட்டால் அடிபடுகிறவர்கள் கத்தக்கூடிய நிலையில் இருப்பார்கள் என்று என்ன நிச்சயம்? தேவையில்லாத ஒன்றை நிறுத்திவிட்டதாகக் கையெழுத்துப் போடப்போவது அவள். அது தேவையில்லாதது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மூன்று நாள் அமைதியைத் தவிர வேறு சாட்சி இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் பேசினானாம்மா?" என்று கேட்டாள். அண்ணன் கப்பலில் வேலை பார்த்தான். கரை தட்டினால்தான் பேசுவான்.

"பேசல. நல்லா இருக்கான்னு அர்த்தம்," என்றாள் அம்மா. "அவன் போன் பண்ணினாலே பயம்தான் எனக்கு. ஒண்ணு காய்ச்சல்ம்பான், இல்ல காலை உடைச்சுக்கிட்டேன்ம்பான். போன் வராத நாள்லதான் நான் நிம்மதியாச் சாப்பிடறேன்."

"போன் எங்கே?"

"தலகாணிக்கு அடியில."

எடுத்துப் பார்த்தாள். கறுத்துக் கிடந்தது. அழுத்திப் பார்த்தாள். உயிர் இல்லை.

"அம்மா, இது செத்து எத்தனை நாளாச்சோ. சார்ஜே இல்ல."

"அப்படியா?" அம்மா கையிலிருந்த பட்டாணியை அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அப்போ நான் இவ்வளவு நாளும் நிம்மதியா இருந்தது?"

"சும்மா."

"அடிப்பாவி, போடுடி அதை முதல்ல சார்ஜ்ல!"

போனைச் செருகிவிட்டு அவள் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திரை மெல்ல வெளிச்சமாயிற்று. கெட்டது நடந்தால் மட்டும் பேசுகிற ஒன்று. அது பேசாமல் இருந்தால் நல்லது என்றும் அர்த்தம், செத்துவிட்டது என்றும் அர்த்தம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுதான். அலமாரிக்குப் பின்னால் கிடக்கும் டெலிபோன் வயர் அவள் கண்முன் வந்தது.

"ஏண்டி பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே? அண்ணன் ஏதாவது அனுப்பியிருக்கானா?"

"இல்லம்மா. வேற யாரோ."

மறுநாள் காலை அவள் போனபோது வயர் பழைய மைனாவை மேசைமேல் தூக்கி வைத்து மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அழிச்சிட்டீங்களா?"

"இப்பதான் ஸ்குரூவையே கழட்டறேன். ரெண்டும் விடிய விடிய அழுதுச்சு, கண்ணே திறக்க மாட்டேங்குது."

"மத்தியானம் வரைக்கும் தொடாதீங்க. என்கூட வாங்க."

"'கிளம்பிட்டேன்' கேட்டா?"

"அவர்தான் கிளம்பிடுவாரே."

வயர் சிரித்துக்கொண்டே கேபிள் தேடும் கருவியை எடுத்துக்கொண்டான். அந்தச் சின்னச் செய்திகள் எந்த எண்ணிலிருந்து வந்தன என்பதை அவள் முன்பே குறித்திருந்தாள். அந்த எண் மூன்றாவது மாடி இணைப்புப் பெட்டியின் ஒரு துளையில் போய் முடிந்தது. துளையிலிருந்து சாம்பல்நிறக் கேபிள் ஒன்று சுவருக்குள் நுழைந்து காணாமல் போனது. பழைய வரைபடத்தில் அந்தப் பக்கம் 'சாமான் அறை' என்று இருந்தது. கேபிளின் ஒரு முனையில் ஓசையை ஏற்றிவிட்டு, கருவியைச் சுவரில் வைத்து வைத்து அது பீப் அடிக்கிற திசையில் நடந்தார்கள். எதிரே வந்த நர்ஸ்கள் இருவர் நின்று பார்த்தார்கள்.

"என்ன, சுவருக்கு நாடி பாக்கறீங்களா?"

"ஆமாங்க, லேசா ரத்தக்கொதிப்பு இருக்கு," என்றான் வயர்.

பீப் ஓசை வளைவில் திரும்பியது. கண்ணாடிப் பெட்டிகளில் குறைமாதக் குழந்தைகள் கிடக்கும் அறையைத் தாண்டியது. அங்கே வயர் குரலைத் தாழ்த்திக்கொண்டான். கைக்குள் அடங்கிவிடும் உடம்புகள். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. அடுத்த கதவின் முன்னால் கருவி விடாமல் அடித்தது. கதவில் 'தாய்ப்பால் வங்கி' என்று எழுதியிருந்தது.

உள்ளே தலைமை நர்ஸ் சின்னச் சின்னப் பாட்டில்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரைப் பால் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அகன்ற தோளும் கனத்த குரலுமாக இருந்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க. என்ன வேணும்?"

அறையின் பாதியை அடைத்துக்கொண்டு உயரமான உறைபெட்டி ஒன்று நின்றது. அதற்குப் பின்னால், சுவரில், உள்ளங்கையளவு வெள்ளைப் பெட்டி. அதில் வெப்பநிலை ஓடிக்கொண்டிருந்தது. சாம்பல்நிறக் கேபிள் அதற்குள்தான் நுழைந்தது. அதிலிருந்து வெப்பம் அளக்கும் மெல்லிய கம்பி ஒன்று உறைபெட்டிக்குள் போனது.

"சிஸ்டர், இது என்ன?" என்று கேட்டாள்.

"அதா? உள்ளே எவ்வளவு குளிர் இருக்குன்னு காட்டும். சூடாச்சுன்னா போன் வரும். எனக்கும் ரெண்டு டாக்டருக்கும்."

"போன் யார் பண்ணுவாங்க?"

பால் சிஸ்டர் தட்டை வைத்துவிட்டு அவளை விசித்திரமாகப் பார்த்தார். "நீங்கதானே? உங்க பிரிவுல ஒரு பொண்ணு உக்காந்து பாத்துக்கிட்டே இருக்குன்னு நினைச்சிட்டிருக்கேன். போன்ல பொண்ணு குரல்தான் வரும். நல்லா இருக்கியாம்மான்னுகூட ஒருதடவை கேட்டேன். பதிலே சொல்லல, திமிர் பிடிச்ச பொண்ணுன்னு நினைச்சேன்."

வயருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"கடைசியா எப்ப வந்தது?"

"அது ஆச்சு, ரொம்ப நாள். ஒரு விடுமுறை அன்னிக்கு. யாரோ கதவைச் சரியாச் சாத்தல. போன் வந்ததும் வீட்டுச் செருப்போட ஓடி வந்தேன். இளகறதுக்கு முன்னாடி பிடிச்சிட்டேன். பக்கத்து ரூம்ல இருக்கிறதுங்களுக்கு அம்மா பால் இன்னும் ஊறல. புட்டிப்பால் அதுங்க வயித்துக்கு ஒத்துக்காது. இதான் சோறு. உருகிட்டா மறுபடி உறைய வைக்கக் கூடாது, கொட்ட வேண்டியதுதான். ஏன் கேக்கறீங்க?"

அவள் வெள்ளைப் பெட்டியிலிருந்து உள்ளே போகும் கம்பியைப் பார்த்தாள். பிறகு, "சிஸ்டர், அந்தக் கம்பியை மட்டும் வெளியே எடுத்துக் கையில பிடிச்சுக்கறீங்களா? போன் வருதான்னு பாப்போம்" என்றாள்.

பால் சிஸ்டர் கம்பியை உருவி உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். தன் கைபேசியை எடுத்துப் பாட்டில்களுக்கு நடுவே வைத்தார். வெள்ளைப் பெட்டியில் எண் மளமளவென்று ஏறியது. உறைநிலையைத் தாண்டியது. அறையின் வெப்பத்தைத் தொட்டது. கையின் வெப்பத்தை நோக்கிப் போனது. மூன்று பேரும் கைபேசியைப் பார்த்தபடி நின்றார்கள். பக்கத்து அறையில் ஏதோ ஒரு குழந்தை பூனைக்குட்டி போல முனகி அடங்கியது. கைபேசியின் கண்ணாடியில் கூரைவிளக்கு மட்டும் தெரிந்தது.

"கொஞ்சம் நேரம் ஆகும்," என்றார் பால் சிஸ்டர்.

கைபேசி அசையவில்லை.

"ஆகுமோ?" என்றார் மறுபடியும். குரல் கனம் இறங்கியிருந்தது.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "வராது சிஸ்டர். திங்கட்கிழமையிலேருந்து வராது. நாங்கதான் பிடுங்கிட்டோம்."

பால் சிஸ்டர் கத்துவார் என்று வயர் ஓரடி பின்வாங்கினான். அவர் கத்தவில்லை. கம்பியைத் திரும்ப உள்ளே செருகி, கதவை அழுத்தி அழுத்திச் சாத்திப் பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். "நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினேன்" என்றார், தனக்குத்தானே.

அதற்குள் அவளுக்கு முழுசும் விளங்கிவிட்டது. பரிசோதனை முடிவுகளைச் சுமந்த பழைய மைனாவின் முதுகில், யாரோ இந்தச் சின்ன வேலையையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள்; சூடானால் பின்னாலிருக்கும் டெலிபோன் வயர் வழியாக அதுதான் போன் செய்யும். பெரிய வேலை புதிய மைனாவுக்குப் போய்விட்டது. வெள்ளைப் பெட்டிக்குப் பெயரெல்லாம் தெரியாது, எண்தான் தெரியும். அதனால் அது பழைய இடத்துக்கே தன் குளிரைச் சொல்லிக்கொண்டிருந்தது. கேபிளைப் பிடுங்கியதும் பெட்டி வெறும் சுவரிடம் பேசியது. பழைய மைனாவும் அலட்டிக்கொள்ளவில்லை. செய்தி வராவிட்டால் கவலைப்பட வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"வயர்..." என்று திரும்பினாள். அவன் ஏற்கெனவே படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தான்.

மூடியைப் பூட்டி, அலமாரியில் ஏற்றி, கேபிளையும் டெலிபோன் வயரையும் செருகிவிட்டுக் கீழேயிருந்து அவன் கைபேசியில் சொன்னதும் மறுபடி கம்பியை வெளியே எடுத்தார்கள். இந்தத் தடவை எண் ஏறத் தொடங்கிச் சற்று நேரத்துக்கெல்லாம் கைபேசி தட்டின்மேல் அதிர்ந்து, பாட்டில்கள் கிணுகிணுத்தன. பால் சிஸ்டர் எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு அவளிடம் நீட்டினார். எப்போதோ பதிவு செய்துவைத்த குரலில் ஏதோ ஒரு பெண், அவசரமே இல்லாமல், மூன்றாவது மாடி உறைபெட்டி சூடாகிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். யார் அவள், எந்த மேசையில் உட்கார்ந்து இதைப் படித்தாள், இப்போது எங்கே இருப்பாள்? அது தானாக நிற்கும்வரை அவள் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை 'கிளம்பிட்டேன்' நிஜமாகவே கிளம்பாமல் அவள் மேசையருகே நின்றார்.

"ஒரே ஒரு வரிதான்மா. அதை எடுத்துடு. நாம அதை வெளி நெட்வொர்க்லேருந்து பிரிச்சுத் தனியா வச்சாச்சு. அந்தப் பெட்டியும் டெலிபோனும் தவிர யாரும் அதைத் தொட முடியாது. அடுத்த மாசம் வேற வாங்கிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"ஓடுது சார். ஓடலைன்னு எப்படி எழுதறது?"

"சேத்துக்க மாட்டேன்னுட்டா? டாக்டருங்க என் தலையை உருட்டுவாங்க."

"அப்போ என்கிட்ட அனுப்புங்க சார்."

அவர் பையின் வாரை இழுத்து விட்டுக்கொண்டார். அவள் கடிதத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள். 'ஆதரவு முடிந்த இயந்திரம் ஒன்று ஓடுகிறது. குறைமாதக் குழந்தைகளின் பால் உறைபெட்டியைக் காக்கிறது. மாற்று வந்து, உண்மையாகவே மணி அடித்துச் சோதித்த பிறகே நிறுத்துவோம்.' கீழே அவள் கையெழுத்து இருந்தது. அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, அதற்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

பொது இணைப்பு அலுவலகத்திலிருந்து மாலைக்குள் போன் வந்தது. சரிபார்க்கும் அதிகாரி. தூசு படிந்தாற்போன்ற குரல்.

"உங்க கடிதம் பாத்தேன். இதுவரைக்கும் எல்லாருமே ஒண்ணும் இல்லைன்னுதான் எழுதியிருக்காங்க. நீங்க மட்டும் ஒண்ணு இருக்குன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க."

"எப்படிக் கிடைச்சது?"

அவள் சொன்னாள். பிடுங்கியதையும், யாரும் கத்தாததையும், சாமான் அறை என்று வரைபடம் சொன்ன இடத்தில் என்ன இருந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். முடித்ததும் அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. காத்திருந்தாள்.

"நீங்க சேரலாம். அந்த ஒண்ணை விதிவிலக்காக் குறிச்சுக்கறேன்," என்றார் கடைசியில். "மாத்தினதும் எழுதுங்க." போனை வைக்கவில்லை. "ஏங்க... நான் உக்காந்திருக்கிறதும் ஒரு பரிசோதனைக்கூடத்துக் கட்டடத்துலதான். இங்கேயும் போன மாசம் ரெண்டைப் பிடுங்கினோம். யாரும் கத்தல."

"உங்க கட்டடத்துல குளிரா வச்சிருக்கிற ரூம் ஏதாவது இருக்கா?"

"தெரியலையே. கீழே ஏதோ ஒரு கதவு எப்பவும் சாத்தியே இருக்கும்."

"போய்ப் பாத்துட்டு வாங்க," என்றாள் அவள். "நான் லைன்லயே இருக்கேன்."

ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி உராய்ந்தது. காலடிகள் தேய்ந்துகொண்டே போயின. அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தக் கதவு திறக்கும் ஓசைக்காகக் காத்திருந்தாள்.